பால்கோவா தட்டும் இன்டர்நெட்டும்



ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பனுக்கு நீங்கள் அனுப்பும் போட்டோ, துண்டு துண்டாகத்தான் இன்டர்நெட்டில் போகும். வழியில், 'ரவுட்டர்' என்ற கருவி அவற்றைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்து அனுப்பும். அதிவேக இணைப்பில், நொடிக்கு 12 கோடி துண்டுகள் கூட குவியலாம்! சமாளிக்காவிட்டால் துண்டுகள் தொலையும். வேகமான நினைவகம் சிறியது, விலையும் அதிகம். பெரியதோ மெதுவானது. என்ன செய்வது?

பால்கோவா கடையைப் பாருங்கள். முன்னால் தட்டில் கொஞ்சம், உள்ளே நிறைய. தட்டு காலியாகும் முன், உள்ளிருந்து மொத்தமாக வந்துவிடும்.

அதுபோல, முன்னே சிறிய வேக நினைவகம், பின்னே பெரிய நினைவகம் வைத்தால் போதும் என்று, 2001ல் கணக்குப் போட்டு நிரூபித்தனர், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலையில் இருந்த சுந்தர் ஐயர், நிக் மெக்கியோன் குழுவினர்.

'கணக்குப் பாடம் எதுக்கு?' என்று இனி கேட்பீர்களா, குட்டீஸ்!