விரிசல் விட்ட பவர் டில்லர்: எடைக்குப் போடுமுன் யோசிக்க வேண்டியவை

நெல் சாகுபடி நடக்கும் ஊர்கள் பலவற்றில் கொட்டகை மூலையிலோ வேப்பமரத்தடியிலோ துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பவர் டில்லரைக் காணலாம். ஒரு காலத்தில் ஊர் வயல்களையெல்லாம் சேறு கலக்கிய இயந்திரம் அது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் விரிசல் விட்டதும் ஓரம் கட்டப்பட்டு, மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. பழைய இரும்பு வியாபாரி அதை எடைக்குக் கேட்கிறார். பட்டறைக்காரரோ ஒரு வெல்டிங் வைத்தால் ஓடிவிடும் என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் உழவர் உடனே ஏற்கக் கூடாது. விரிசல் ஏன் விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்ற இரண்டையும் அறியாமல் எடைக்குப் போடுவதும் நஷ்டம். வெல்டிங்குக்குப் பணம் கொடுப்பதும் நஷ்டம்.

சிறு வயலுக்கு ஏற்ற இயந்திரம்

பவர் டில்லர் ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் நம் நாட்டுக்கு வந்தது. மிட்சுபிஷியின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் 1967-இல் வி.எஸ்.டி. நிறுவனமும், குபோட்டா தொழில்நுட்பத்துடன் கேரளத்தில் 1973-இல் காம்கோ நிறுவனமும் தொடங்கப்பட்டன. 12, 13 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினே இவற்றில் பெரிதும் பயன்படுகிறது. ஓட்டுபவர் அமர இருக்கையும் அதன் கீழே ஒரு பின்சக்கரமும் பூட்டினால், பாதை இல்லாத வரப்போரத்திலும் செல்லும் மூன்று சக்கர வண்டியாகிவிடும். டிராக்டர் திரும்ப முடியாத சிறு வயலுக்கு இது ஏற்றது.

சொந்த இயந்திரம் முடங்கினால் வாடகை இயந்திரத்தை நம்ப வேண்டும். நடவுக் காலத்தில் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அதைக் கேட்கும். குறுகிய கால நெல் ரகத்தின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் நட வேண்டும். சேற்றுழவு ஒரு வாரம் தள்ளிப் போனால் நாற்று முற்றிவிடும். நட்ட பின் தூர் குறையும். ஆகவே பழைய டில்லரைச் சீர்செய்வதா, விடுவதா என்பது இரும்பின் விலையைப் பொறுத்த கேள்வி மட்டுமல்ல. மகசூலைப் பொறுத்த கேள்வியும் ஆகும்.

முதலில் காரணத்தைக் காண்க

வார்ப்பிரும்புக் கூடு காரணமின்றி உடைவதில்லை. பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றே இருக்கும்.

முதலாவது, கனெக்டிங் ராடு போல்ட் அறுந்து, ராடு கூட்டின் சுவரை உள்ளிருந்து இடிப்பது. ஆயில் குறைந்த நிலையில் ஓட்டுவதும், முந்தைய பழுதுபார்ப்பில் பழைய போல்ட்டையே மீண்டும் போட்டு கைக்கணக்கில் முறுக்குவதும் இதற்கு வழி செய்கின்றன. இரண்டாவது, எஞ்சினைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்வது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு அதிர்வு அதிகம். நான்கு போல்ட்டில் ஒன்று தளர்ந்தாலும் சுமை மற்ற மூன்றின் மேல் விழுந்து, காது போன்ற பகுதி விரிசல் விடும். மூன்றாவது, தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவது. சூடான வார்ப்பிரும்பு திடீரென்று சுருங்கும்போது பிளந்துவிடும்.

காரணத்தைத் திருத்தாமல் கூட்டை மட்டும் ஒட்டினால், அடுத்த பருவத்தில் அதே இடம் மறுபடியும் உடையும்.

விரிசல் விழுந்த இடம்

எண்ணெயும் சேறும் அப்பிய எஞ்சினில் விரிசலின் முழு நீளம் தெரியாது. கூட்டை டீசலால் நன்கு கழுவித் துடைத்து, சந்தேகமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு துணியால் துடைத்து, சாக்பீஸை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளவுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையில் ஈரக்கோடு போடும். கண்ணுக்கு ஓர் அங்குலமாகத் தெரிந்தது மூன்று அங்குலமாக ஓடியிருப்பதும் உண்டு.

பிணைப்புக் காதிலோ, பக்கச் சுவரிலோ, மூடியின் ஓரத்திலோ விரிசல் இருந்தால் திறமையான பட்டறையில் சரிசெய்யலாம். நீர் சுற்றும் அறையின் வெளிச்சுவரில் உள்ள விரிசலையும் பெரும்பாலும் அடைக்கலாம். ஆனால் ஆயிலில் நீர் கலந்து பால் போல் வெளுத்திருந்தால் உட்சுவரையும், லைனர் அமரும் இடத்தையும், ஹெட் கேஸ்கட்டையும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. கிராங்க் பேரிங்கு அமரும் துளையின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தால் அந்தக் கூட்டை விட்டுவிடுவதே நல்லது. வெல்டிங்கின் சூட்டில் துளை கோணினால், புதிய பேரிங்கும் கிராங்கும் சில நாளில் தேய்ந்துவிடும்.

அந்த நிலையிலும் முழு டில்லரையும் எடைக்குப் போட வேண்டியதில்லை. கியர் பெட்டியும், சக்கரங்களும், சுழல் கலப்பையும் நன்றாக இருந்தால், அதே மாடலின் பழைய கிராங்க் கேஸைத் தேடலாம். கூட்டை மாற்றினால் அதில் பொறித்த எஞ்சின் எண்ணும் மாறும். கடனோ மானியமோ பெற்று வாங்கிய இயந்திரமானால் ரசீதை வைத்துக்கொண்டு உரியவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வெல்டிங் வைக்கும் முறை

சாதாரண இரும்பு வெல்டிங் கம்பியால் ஓட்டிய கோடு பார்வைக்குப் பலமாக இருக்கும். ஆனால் வார்ப்பிரும்பில் அதன் ஓரம் கண்ணாடி போல் இறுகி, பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். நிக்கல் கம்பியே இதற்கு ஏற்றது. விலை கூடுதல் என்று இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலை வாய்க்கால் போல் செதுக்கி, இரும்பில் ஊறிய எண்ணெயைச் சூடேற்றிப் போக்க வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டக் கூடாது. ஓர் அங்குலம் வைத்து, சூடாக இருக்கும்போதே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, கை தாங்கும் அளவுக்கு ஆறிய பின்பே அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும். முடிந்ததும் கூட்டை உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். தண்ணீர் தெளிக்கவே கூடாது.

எஞ்சினைப் பிரிக்காமல் வண்டியில் வைத்தபடியே வெல்டிங் செய்யச் சம்மதிக்கக் கூடாது. மின்சாரம் பேரிங்கு வழியே பாய்ந்தால் அதுவும் கெடும். காந்தம் ஒட்டாத மூடிகள் அலுமினியத்தால் ஆனவை. அவற்றுக்கு ஆர்கான் வெல்டிங் தேவை. கடையில் கிடைக்கும் ஒட்டுப்பசை ஆயில் கசிவை நிறுத்த உதவும். பளு தாங்கும் இடத்துக்கு உதவாது. வேலை முடிந்ததும் பேரிங்கு துளைகளை லேத் பட்டறையில் அளந்து பார்ப்பது அவசியம். கூட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்து, கசிவு இல்லை என்று கண்ட பிறகே எஞ்சினைப் பூட்ட வேண்டும்.

நெடுநாள் கிடந்த எஞ்சின்

மழைநீர் புகை போகும் குழாய் வழியே இறங்கி பிஸ்டனை இறுக்கியிருக்கலாம். அதைக் கைப்பிடியால் பலவந்தமாகச் சுற்றுவதும், வண்டியைக் கட்டி இழுப்பதும் மிச்சமுள்ளதையும் உடைத்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்ட பின் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். டீசல் தொட்டியைக் கழுவி, ஃபில்டரையும் ஆயிலையும் புதிதாக மாற்ற வேண்டும். கனெக்டிங் ராடு போல்ட்டுகளும் புதியனவாகவே இருக்கட்டும். அவற்றை நிறுவனம் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். ஐந்தாறு உழவர்கள் கூடி அந்த ஸ்பானர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், ஊரில் உள்ள அத்தனை எஞ்சினுக்கும் உதவும்.

செலவுக் கணக்கு

வெல்டிங் கூலியை மட்டும் கணக்கில் வைத்து வேலையைத் தொடங்குவதே பலர் செய்யும் பிழை. பேரிங்கு, லைனர், பிஸ்டன், ரிங்கு, கேஸ்கட், லேத் கூலி, டயர், பெல்ட் ஆகிய அனைத்தையும் எழுதிக் கூட்ட வேண்டும். அந்தத் தொகை, அதே மாடலில் ஓடும் நிலையில் உள்ள பழைய டில்லரின் விலையில் பாதியைத் தாண்டினால், சீர்செய்வதைக் கைவிடுவது நல்லது. வட்டிக்குப் பணம் வாங்கிப் பழைய எஞ்சினில் போடுவதைவிட, வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்வது சிறு உழவருக்குப் பாதுகாப்பானது. பாதிக்கும் கீழே நின்றால் தயங்காமல் சீர்செய்யலாம். அதையும் கோடையிலேயே தொடங்க வேண்டும். நாற்று விட்ட பிறகு பட்டறைக்குப் போனால் அரைகுறை வேலையே கிடைக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் வேண்டும்.

காலையில் ஆயில் அளவு, தண்ணீர் அளவு, அடிப் போல்ட்டுகள் ஆகிய மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மரத்தடியில் கிடக்கும் டில்லர்களில் பல, அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் முடங்கியவை. சீர்செய்த டில்லருக்கும் அந்தக் கவனம் இல்லையென்றால், அதற்குச் செலவிட்ட பணம் வீணே.