பழைய லேப்டாப்பில் என்ன மானக்கேடு?

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆனதும் முதலாமாண்டு மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் பாடத்தைப் பற்றி இருப்பதில்லை. "அண்ணா, லேப்டாப் வாங்கணும்னு சொல்றாங்க. எந்தக் கடையில இ.எம்.ஐ. போட்டுத் தருவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

என் பதில் ஒன்றுதான். இ.எம்.ஐ. வேண்டாம். பழைய லேப்டாப் வாங்குங்கள், அதில் லினக்ஸ் போடுங்கள். இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதையும் பேசுவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சுமாரான புது லேப்டாப்பே 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. 45,000 என்று வைத்துக்கொள்வோம். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். அப்படியானால் ஒரு லேப்டாப்புக்கு உங்கள் அம்மா 134 நாள் வேலை செய்ய வேண்டும். அந்த 134 நாளும் சோறு வாங்காமல், பேருந்து ஏறாமல், ஒரு மாத்திரை வாங்காமல் இருக்க வேண்டும். அந்த வேலையோ நூறு நாள்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

15,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் என்றால் 45 நாள் கூலி. இதுவும் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் சேர்த்து வைத்தோ, நாலு பேரிடம் கேட்டோ புரட்ட முடிகிற தொகை. "வட்டியில்லாத் தவணை" என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட்டால், அதில் செயலாக்கக் கட்டணம் இருக்கும், ஒரு மாதம் தவறினால் அபராதம் இருக்கும். தவணை தவறியது சிபில் கணக்கில் ஏறும். நாளைக்கு மேற்படிப்புக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

ஒரு லேப்டாப்தானே என்று நினைக்காதீர்கள். 2020 நவம்பரில், கொரோனா காலத்தில், டெல்லியின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் கணிதம் படித்த தெலங்கானா மாணவி ஒருவரை இழந்தோம். லேப்டாப் இல்லாதது, வந்து சேராத உதவித்தொகை, வீட்டின் நெருக்கடி என்று பல சுமைகள் ஒன்றாக அவரை அழுத்தின. இன்று அப்படி அழுத்தத்தில் இருக்கும் யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம். தோழர்களிடம், ஆசிரியர்களிடம், வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கருவி இல்லை என்பதற்காக யாரும் படிப்பையும் விட வேண்டாம், தன்னையும் குறைத்து எண்ண வேண்டாம்.

அரசு என்ன தருகிறது?

ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2021 நெறிமுறைப்படி தொழிற்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய். வீட்டிலிருந்து கலைக் கல்லூரிக்குப் போய்வருபவருக்கு அதைவிட மிகக் குறைவு. லேப்டாப்புக்கென்று அதில் தனித் தொகை இல்லை. ஐஐடி, ஐஐஎம் போன்ற பட்டியலிட்ட நிறுவனங்களில் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர்களுக்கு இன்னொரு ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. அதில் முதலாண்டில் 86,000 ரூபாய், லேப்டாப், புத்தகம், தங்கும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே படிப்பவர்கள் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அரசு கலைக் கல்லூரியிலும் ஊர்ப்பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரியிலும்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம் பல லட்சம் வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோனது. 2025 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் தலைநிமிர்ந்து வாங்குங்கள். அது நம் வரிப்பணம். பெயர் இல்லாதவர்கள் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நமக்கு எப்போதும் பழையதுதானா?

முகம் சுருங்கும் தோழர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்கு எச்சில் சோறும் கந்தல் துணியும் பழைய தட்டுமுட்டுச் சாமானும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளருக்குப் பிணத்தின் துணியும் உடைந்த பாத்திரமும் என்கிறது. ஏட்டில் மட்டும் இருந்த விதி அல்ல இது. பண்ணையார் வீட்டுப் பழந்துணியையும் மீந்த சோற்றையும் கையேந்தி வாங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் முன்னின்று எரித்தார். அப்படி இருக்க, ஐ.டி. கம்பெனி கழித்துப் போட்டதை நாம் வாங்கிக் கட்டிக்கொள்வதா?

பழையது என்பதில் இழிவு இல்லை தோழர்களே. எச்சில் சோற்றில் இழிவு எங்கே இருந்தது? மறுக்க முடியாது, விலை பேச முடியாது, தேர்ந்தெடுக்க முடியாது, குனிந்துதான் வாங்க வேண்டும் என்பதில் இருந்தது. கடைக்குப் போய், மூடியைத் திறந்து பார்த்து, குறை சொல்லி, விலை பேசி, பில் போட்டு வாங்குவது அது இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு போராட்ட வரலாறே இருக்கிறது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அம்பேத்கர் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி ஏறக்குறைய 2,000 நூல்களை வாங்கினார். பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசு அது. யாரோ படித்துக் கழித்த புத்தகம் என்று அவர் ஒதுக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது?

கடைக்குப் போகும் முன் பரணில் பாருங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் கிடக்கும். பேட்டரி போயிருக்கும், ஆமை வேகத்தில் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கினால் எழுதவும் படிக்கவும் அதுவே போதும். அந்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். சி-டாக் உருவாக்கியது அது. யாரும் சொல்லித் தராததால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டில் இல்லை என்றால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்குப் போகலாம். பெரிய நிறுவனங்கள் நான்கைந்து ஆண்டு பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் அலுவலக லேப்டாப்கள் அங்கே வருகின்றன. திங்க்பேட் டி470, டெல் லேட்டிட்யூட் 5480, எச்பி எலைட்புக் 840 ஜி3 மாதிரியானவை. கடினமாக உழைக்கச் செய்தவை. ரேமையும் டிஸ்க்கையும் நாமே மாற்றலாம். ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளது ஏறக்குறைய 12,000 முதல் 18,000 வரை சொல்வார்கள். விலை ஏறி இறங்கும், நாலு கடை கேளுங்கள். ரேம் போர்டோடு ஒட்டிவைத்த மெல்லிய மாடல்கள் வேண்டாம். பின்னால் கூட்ட முடியாது.

இவை ஏன் மலிவு? விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தகுதி இழந்தவை ஆகிவிட்டன. இயந்திரம் கெடவில்லை, விதியை மாற்றிவிட்டார்கள். தகுதி என்ற சொல்லை வைத்து ஆளை வெளியே தள்ளுவது எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் "விண்டோஸ் 11 போட்டே தர்றேன் தம்பி" என்பார். திருட்டு விண்டோஸில் எது ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நண்பரின் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போங்கள். லேப்டாப்பில் செருகி, நிறுவாமலே ஓடவிட்டுப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, எல்லா விசையும் எழுதுகிறதா, கீல் ஆடுகிறதா, திரையில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மின்ட்டில் உள்ள பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும். பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். பென்டிரைவ் செருக விடமாட்டேன் என்று சொல்லும் கடையிலும் வாங்காதீர்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கடை முத்திரையும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். தெரிந்தவரிடம் வாங்கினாலும் எழுதி, கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்று மெய்ப்பிக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தப் பில். ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் காவல்துறை முதலில் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பது நமக்குத் தெரியும். "நூறு ரூபாய் குறைத்துத் தர்றேன், பில் வேண்டாமே" என்றால், அந்த நூறு ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் வேலை நடக்குமா?

கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். இங்கே எல்காட் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்த காலத்திலேயே அந்நிறுவனத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ், மேற்கோள்களை ஒழுங்குபடுத்த சொட்டேரோ, கூட்டத்தின் காணொளியை வெட்டி ஒட்ட கேடென்லைவ், நிரல் எழுதப் பைத்தான். எல்லாம் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் போன்றவை லினக்ஸுக்கு வருவதில்லை. சில இணையவழித் தேர்வு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். உங்கள் படிப்புக்கு அவை கட்டாயமா என்று துறையில் முதலில் கேளுங்கள். கட்டாயம் என்றால் ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வைக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். பாடத்திட்டத்தில் வைத்ததற்குக் கருவி கொடுப்பது கல்லூரியின் பொறுப்பு.

களத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. நிறுவும்போது டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு, குறியாக்கம் செய்யவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று கொடுங்கள். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம், சாட்சியின் முகவரி, முதல் தகவல் அறிக்கையின் நகல் எல்லாம் நம் லேப்டாப்பில்தான் இருக்கின்றன. லேப்டாப் தொலைந்தால் பணம் மட்டும் போகட்டும், சாட்சியின் பாதுகாப்பு போகக்கூடாது. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. நகல் ஒன்றைத் தனியே, அதையும் குறியாக்கம் செய்து வையுங்கள்.

லினக்ஸ் சாதியை ஒழிக்காது. கட்டற்ற மென்பொருள் கூட்டங்களிலும் யார் மேடையில், யார் கடைசி வரிசையில் என்று பார்த்தால் புரியும். ஆனால் ஓட்டு, படி, திருத்து, பகிர் என்று நான்கு உரிமைகளையும் யாரிடமும் கேட்காமல் கையில் கொடுக்கும் மென்பொருள் அது. படிக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் அந்த உரிமையை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

எனவே தனியாக வாங்கப் போகாதீர்கள். மூன்று பேராகப் போங்கள். வாங்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருக்கட்டும். ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பத்துப் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுத்துவிடலாம். அதே ஞாயிற்றுக்கிழமை, எல்லா மாணவருக்கும் லேப்டாப் கேட்டு அரசுக்கு ஒரு மனுவும் அந்த லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்யுங்கள். நாமே சமாளித்துக்கொள்கிறோம் என்பது அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் காரணமாகிவிடக் கூடாது.

ஜெய் பீம்.