திண்டிவனத்தில் திரும்பிப்போன மூவர்

1890களின் தொடக்கம். அன்றைய தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த திண்டிவனத்தில், அமெரிக்க ஆற்காடு மிஷனின் பங்களாவுக்கு ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தார். புறப்படத் தயாராகவும் இருந்தார். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. டாக்டரின் மகள் ஐடாவை வரச் சொல்லி மன்றாடினார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

கிறிஸ்தவ சபைகளில் இந்தச் சம்பவத்தை ஐடா ஸ்கடர் இறைவனின் அழைப்பைக் கேட்ட இரவாகத்தான் சொல்கிறோம். தவறில்லை. ஆனால் இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுடைய கணவன்மாரை மூடர்கள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நள்ளிரவில் வேற்று மதத்தவர், வேற்று நாட்டவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். மனைவிமேல் வைத்த பாசம் அவர்களை அந்த வாசல்வரை கொண்டுவந்தது. வழக்கம் அங்கேயே நிறுத்திவிட்டது.

ஐடாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். அப்பாவின் பெயரையே கொண்ட தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டியவர் சிறுமி ஐடா. அந்த நினைவு அவரை இந்த மண்ணை விட்டு விலகத்தான் தூண்டியது. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ நினைத்திருந்தார். தாய் நோயுற்றதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார். அந்த இரவில் அவரிடம் இரக்கம் இருந்தது, ஜெபமும் இருந்தது. அந்த மூன்று வீடுகளுக்கும் அவை மட்டும் போதவில்லை.

நம் சபைகள் போதுமான அளவு யோசிக்காத இடம் இதுதான். துயரப்படுகிறவரைத் தேற்றுவது கிறிஸ்தவனின் கடமை என்று பிரசங்கம் கேட்கிறோம். கேட்டு எழுந்ததும் நம் கையில் இருப்பது நல்ல மனசு மட்டும். லூக்கா சொல்லும் நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனைக் கண்டு மனம் உருகியதோடு நிற்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்தான். காயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஐடா அதைக் கற்கப் போனார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் இந்தியா திரும்பி வேலூர் வந்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918-ல் அவர் செய்ததையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். தானே எல்லாக் கதவுக்கும் போய் நிற்க முடியாது என்று உணர்ந்து, இந்த மண்ணின் பெண்களையே மருத்துவர்களாக்கினார். திண்டிவனத்து இரவுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே கால் நூற்றாண்டு இருக்கிறது.

மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஸ்கடர் குடும்பம் சுவிசேஷம் சொல்லவே வந்தது. அதை அவர்கள் ஒளித்ததில்லை. ஆனால் ஐடாவை வேலூருக்கு அனுப்பிய மூன்று மரணங்களும் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளில் நிகழ்ந்தவை. துயரத்தில் இருப்பவர் முதலில் நம்மவராக வேண்டும் என்று நிபந்தனை போடும் ஆறுதலுக்கு நற்செய்தியில் இடம் இல்லை.

இன்று பிரசவத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வருகிறது. விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் துயரம் வேறு கதவுகளைத் தட்டுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் உயிர்களைக் குடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது, விழுப்புரமும் திண்டிவனமும் மிதந்தன. முதல் வாரம் ஜெபிக்கவும் சோறு கொடுக்கவும் ஆட்கள் வருவார்கள். ஆறாம் மாதம், இப்படிக் கணவனை இழந்த ஒரு விதவைக்கு உதவித்தொகை மனு எழுத, குடியை விட முடியாத அவள் மகனோடு பொறுமையாகப் பேச, படுத்த படுக்கையான மாமியாரின் புண்ணைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யார்?

ஒவ்வொரு சபையும் இரண்டு பேரையாவது இதற்குப் பயிற்றுவிக்க வேண்டும். மனநலத்துக்கும், தீராத நோயின் வலி தணிக்கும் பராமரிப்புக்கும் ஐடா வேலூரில் தொடங்கிய மருத்துவ நிறுவனத்திலேயே தனிப் பிரிவுகள் உண்டு. திண்டிவனத்திலிருந்து வேலூர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.