நாலு நாளில் நகரம் பார்ப்பது



சனி, ஞாயிறு வந்தால் நம் ஊர் படும் பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை பீச் ரோட்டில் நடந்துவிட்டு ரோமன் ரோலண்ட் வீதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன. மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குடும்பம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசற்படியில் என் வயதுடைய பெரியவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்கார இடம் இருக்குங்களா?" என்று கேட்டார். பாரதி பூங்காவைக் கைகாட்டினேன். ஆயி மண்டபத்தைச் சுற்றி நல்ல நிழல், பெஞ்சுகளும் உண்டு என்றேன். அவர் எழுந்திருப்பதற்குள் மகன் வந்துவிட்டார். "அப்பா, நேரம் இல்லப்பா. இன்னும் ஆரோவில் பாக்கி இருக்கு." பெரியவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2023 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிசுக்கு ரயிலில் நாலு மணி நேரம்தான். "நாலு நாள் லீவு போட்டிருக்கேன், பாரிஸ் போயிட்டு வந்துடலாம்பா" என்றான் மகன். மருமகள், ஒன்பது வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என்று ஆறு பேர்.

பாரிஸ் என்றால் எனக்கு வெறும் ஊர் அல்ல. என் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியும். நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். காவிரி எங்கே பிறக்கிறது என்று தெரிவதற்கு முன்பே சேன், லுவார், கரோன், ரோன் என்று நாலு நதிகளையும் வரைபடத்தில் தொட்டுக் காட்டுவேன். வகுப்புச் சுவரில் ஈபிள் கோபுரத்தின் படம் ஒன்று, ஓரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, பிரெஞ்சு நாட்டுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றபோது பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதனால் நான் இங்கேயே குமாஸ்தாவாகச் சேர்ந்து, பில் செக்ஷனில் பேனா தேய்த்து, ஓய்வும் பெற்றேன். எழுபத்து நாலு வயதில்தான் அந்த ஊரைக் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

மகன் ஒரு பட்டியல் போட்டிருந்தான். நாள், நேரம், இடம், டிக்கெட் எல்லாம் கட்டம் கட்டி, பார்த்து முடித்தால் டிக் அடிக்க ஓர் இடம் விட்டு. நாலு நாளில் பதினேழு இடம். அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதில் பாதி நான் சொன்ன பெயர்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்திருந்தேன்.

முதல் நாள் ஈபிள் கோபுரம். 1889-ல் கட்டியது, இன்று 330 மீட்டர் உயரம். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். லிப்டில் இரண்டாம் தளத்துக்குப் போனபோது பேத்தி மருமகளின் தோளில் தூங்கிவிட்டாள். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. நான் நதியை அடையாளம் சொல்லத் தொடங்கினேன். மகன் கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்தது படகு. அதற்கடுத்தது நோத்ர்தாம். 2019 தீ விபத்துக்குப் பிறகு அங்கே திருப்பணி நடந்துகொண்டிருந்ததால் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாம் நாள் லூவ்ர் அருங்காட்சியகம். மோனா லிசா இருக்கும் கூடத்தில் திருவிழாக் கூட்டம். படம் 77 சென்டிமீட்டருக்கு 53, அவ்வளவுதான். எல்லோரும் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்க, படத்தைவிடக் கைகள்தான் அதிகம் தெரிந்தன. கூட்டம் எங்கள் இருவரையும் ஓரமாகத் தள்ளிவிட்டது. அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தோம். வெரோனேசே வரைந்த கானாவூர்க் கல்யாணம், ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை பேரும் நிற்கிறார்கள். என் மனைவி பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தாள். "ஏங்க, நாய்கூட இருக்கு பாருங்க" என்றாள். அதற்குள் மகன் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டான்.

அன்று பிற்பகல் மெட்ரோவில் ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. பழைய பாதைகளில் பல நிலையங்களில் லிப்ட் இல்லை. இறங்கு, நட, ஏறு, மறுபடியும் இறங்கு. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்றாவது படிக்கட்டின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மகன் சொன்னான்: "நேரம் இல்லம்மா. இன்னும் ரெண்டே ஸ்டேஷன்தான்."

நண்பர்களே, அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டது என்ன, சொன்னவனே நான்தான்.

1987-ல் எல்டிசி போட்டு டில்லி போனோம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற சலுகை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரசில் கிளம்பினோம். ஒரே நாளில் செங்கோட்டை, ராஜ்காட், குதுப்மினார், பிர்லா மந்திர். மறுநாள் ஆக்ரா. சுற்றுலா பஸ்காரர் இடத்துக்கு இடம் விசில் ஊதுவார். தாஜ்மகாலின் பின்பக்க மேடையிலிருந்து கீழே யமுனை ஓடுவதைப் பார்த்ததும் அம்மா, "அது யமுனையாடா? கிட்டப் போய்த் தண்ணியில கைய நனைச்சிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். பிருந்தாவனத்துக் கண்ணன் விளையாடிய நதி அல்லவா? "நேரம் இல்லம்மா, பஸ் கிளம்பிடும்" என்றேன். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்தார், அவ்வளவுதான். பஸ் அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நின்றது, யாரோ இருவர் வரவில்லை என்று. அம்மா 1994-ல் போய்விட்டார். டில்லி, ஆக்ரா இரண்டையும் எல்டிசி பில்லில் நான் சரியாகக் காட்டியிருக்கிறேன். யமுனையைக் காட்டவில்லை.

அன்று என் தோளில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையன்தான் இன்று மெட்ரோப் படியில் நிற்பவன். யாரிடம் கற்றுக்கொண்டான் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை.

அந்த இரவு விடுதியில் இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். அவனுக்கு டில்லியில் சாப்பிட்ட ஐஸ்கிரீமைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பட்டியலை எடுத்து, "சரி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. மிச்சத்தை அடிச்சிடறேன்" என்றான்.

என் மனைவி, "எங்கயாவது ஒரு மரத்தடியில ரொம்ப நேரம் உக்காரணும்" என்றாள். பேரனுக்குப் படகு வேண்டும், ஆனால் அவனே ஓட்ட வேண்டும். விடுதி கார் த லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து 38-ஆம் எண் பஸ் நேராக லுக்சம்பூர் தோட்டத்துக்குப் போகிறது. படிக்கட்டே இல்லை. ஏறும்போது ஓட்டுநருக்கு "போன்ழூர்" சொன்னேன், அவரும் சொன்னார். அந்த ஊரில் எதைக் கேட்பதற்கும் முன் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் எழுந்து என் மனைவிக்கு இடம் கொடுத்தார். சன்னல் வழியாகக் கடைகள், நதி, பாலம், நதி நடுவில் உள்ள தீவு எல்லாம் மெதுவாக வந்துபோயின. இரண்டு நாள் தரைக்கு அடியில் பயணம் செய்த நாங்கள் அன்றுதான் ஊரைப் பார்த்தோம்.

தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. நடுவில் எண்கோணக் குளம். சின்ன மரப் படகுகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு நீளக் கழியால் தள்ளிவிட்டால் காற்றில் பாய் விரித்து அக்கரைக்குப் போகும், பிள்ளைகள் சுற்றி ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் பேரனும் பேத்தியும் அந்தக் குளத்தைச் சுற்றினார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டியோடு சைகையில் பேசி, நூல் என்ன விலை என்பதுவரை தெரிந்துகொண்டாள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவே இல்லை.

நான் கேட்ட இடம், வெற்றி வளைவின் அடியில் உள்ள பெயர் தெரியாத போர்வீரனின் சமாதி. 1923-லிருந்து தினமும் மாலை ஆறரைக்கு அங்கே சுடரைத் தூண்டிவிடுகிறார்கள். என் பெரியப்பா சொல்தாவாக இந்தோசீனா போய் வந்தவர். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு நம் கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். சிறுவனான என்னையும் கூட்டிப் போவார். "பாரிசுல ஒரு சுடர் இருக்குடா, அணையறதே இல்ல" என்பார். அவர் அதைப் பார்த்ததில்லை. பதினேழு இடப் பட்டியலில் இது இல்லை. மகன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வளைவுக்குப் போகும் சுரங்கப் பாதையில் படிகள் இருந்ததால் பெண்கள் மூவரும் சாலையோரப் பெஞ்சில் தங்கினார்கள். மகன், பேரன், நான் மூவரும் போனோம். கொடி பிடித்த முதியவர்கள் சிலர், ஒரு மலர்வளையம், கொம்பு ஒலி. "உள்ள யாரு தாத்தா?" என்றான் பேரன். "யாருன்னு தெரியாத ஒரு சொல்தா" என்றேன். "தெரியாதவருக்கா தினமும் விளக்கு?" என்றான். திரும்பி வரும்போது மகன், "பெரிய தாத்தா சண்டைக்குப் போனாரா? நீங்க சொன்னதே இல்லையேப்பா" என்று கேட்டான். விடுதி வரை அந்தக் கதைதான்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு, மூன்று நாள் ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறவர்கள், பாரிஸ் ஆனாலும் சரி சென்னை ஆனாலும் சரி, ஒரு நாளைக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டால் போதும். அந்த இடத்தையும் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். சின்னப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும், "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லும் பாட்டியிடம் இரண்டு முறை கேட்க வேண்டும்.

இதற்கு மறுப்பு இருக்கிறது, எனக்கும் தெரியும். "இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், மறுபடியும் வரவா போறோம்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். விசா, டிக்கெட், விடுதி எல்லாம் சேர்ந்து என் பென்ஷனில் பல மாதம். ஆனால் மறுபடி வரப்போவதில்லை என்றால், வந்த ஒரு முறையில் அவரவர் ஆசைப்பட்டதைப் பார்ப்பதுதானே முறை? ஊரார் பார்த்ததையெல்லாம் நாமும் பார்த்தோம் என்று கணக்குக் காட்ட எந்த அலுவலகத்திலும் பில் சமர்ப்பிக்கப் போவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பில் பார்த்தவன் சொல்கிறேன்.

இளையவர்கள் ஓடட்டும், அதையும் தடுக்கக் கூடாது. நாலாம் நாள் விடியற்காலையில் மகனும் மருமகளும் மட்டும் மோன்மார்த்ர் குன்றுக்குப் போய்ப் படியேறிவிட்டு வந்தார்கள். நாங்கள் பேரப்பிள்ளைகளோடு விடுதிக்குப் பக்கத்தில் குருவாசோன் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இருவரும் தனியாக ஒரு காலை நடந்தார்கள் என்பதும் ஒரு லாபம்தான்.

இன்னும் ஒன்று. முடிந்தவரை பஸ்ஸில் போங்கள். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு, லூவ்ர் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம், "ஈபிள் கோபுரம் எப்படி இருந்தது?" என்று கேட்டார். "பெரிசா இருந்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, பச்சை நாற்காலியையும் பின்னல் பாட்டியையும் பற்றி அரை மணி நேரம் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை உங்கள் வீட்டு வாசற்படியில் வெளியூர்ப் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால், எழுப்பிவிடாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். முடிந்தால் அவர் மகனிடம், ஆரோவில் எங்கும் போய்விடாது என்று சொல்லிப் பாருங்கள்.