வலுவான ஊசிதான் நல்ல ஊசியா?

கடந்த விடுமுறையில் ஒரு நள்ளிரவு, அம்மாவை ஈப்போவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். ஒற்றைத் தலைவலி; இருமுறை வாந்தி. "நல்ல வலுவான ஊசியா போடச் சொல்லும்மா" என்றார் அத்தை. மருத்துவர் போட்டதோ வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட். அத்தைக்கு ஏமாற்றம். ஒரு மணி நேரத்தில் அம்மா கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையை இம்மருந்து தடுக்கிறது. அதனால் வாந்தியோடு வலியும் தணிகிறது. ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பை மந்தமாவதால், விழுங்கும் மாத்திரை உடலில் சேரத் தாமதமாகும். ஊசி உதவுவது அதனால்தான்.

அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, அவசரப் பிரிவில் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், சுமாட்ரிப்டான் ஆகிய மூன்று ஊசிகளைப் பரிந்துரைத்தது. மார்ஃபின் போன்றவற்றைத் தவிர்க்கச் சொன்னது. 2017-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், புரோகுளோர்பெரசின் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கு வலி தணிந்து, 48 மணி நேரம் திரும்பவில்லை. மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஹைட்ரோமார்ஃபோன் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு மட்டுமே. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

ஆனால், எல்லாருக்கும் ஒரே ஊசி பொருந்தாது. முதலிரண்டும் சிலருக்கு இருப்புக்கொள்ளாத பதற்றம் தரும். இதய நோயாளிகளுக்குச் சுமாட்ரிப்டான் கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சகஜமாகிவிட்ட நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, தலைவலித்தால் தைலம் தேய்த்து, டிரஸ்ஸர் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவாராம். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தோட்டம் போய்த் தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக விழுங்கினால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

அன்று மருத்துவர் கேட்ட கேள்விகளை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். என்ன மாத்திரை, எப்போது, எத்தனை? இதய நோய் உண்டா? ஒவ்வாமை உண்டா? உங்கள் வீட்டிலும் மலாயும் தமிழும் தெரிந்த பிள்ளை இருப்பீர்கள். இந்தப் பதில்களை இன்றே எழுதி வையுங்கள். திடீரென வெடிப்பதுபோன்ற வலி, கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எந்த ஊசி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்கு வேண்டிய தகவலை நாம் கொடுப்போம்.