ஆயில் எப்போது மாற்றுவது?

மாதனூர்ப் பக்கம் டூவீலர் மெக்கானிக்கிடம் ஆயில் எப்போது மாற்றலாம் என்று கேட்டால், பெரும்பாலும் "ரெண்டாயிரம், மிஞ்சிப்போனா ரெண்டாயிரத்தைந்நூறு" என்பார். சீட்டுக்கடியில் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் கம்பெனிப் புத்தகமோ, பல மாடல்களுக்கு 5,000 அல்லது 6,000 கிலோமீட்டர் என்கிறது. கார் என்றால் இடைவெளி இன்னும் பெரிது. மாருதியின் இன்றைய கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அது. புத்தகத்தை நம்பினால் எஞ்சின் போய்விடுமோ என்று பயம். மெக்கானிக்கை நம்பினால் வீண் செலவோ என்று சந்தேகம்.

இருவருமே பொய் சொல்லவில்லை. கிலோமீட்டரை வைத்து ஆயிலின் வயதைச் சொல்வதே ஒரு தோராயம்தான். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் தூரத்தால் கெடுவதில்லை. சூட்டால் கெடுகிறது; எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரி, அமிலம், நீராவி ஆகியவற்றால் கெடுகிறது; ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் தூசியால் கெடுகிறது. இவற்றைச் சமாளிக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கின்றன. இது எதையும் வண்டிக்காரரால் அளக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் மீட்டர் ஒன்று இருப்பதால், அதை வைத்துக் கணக்குச் சொல்கிறார்கள்.

நகராத எஞ்சினிலும் மெதுவாகவே நகரும் எஞ்சினிலும் இந்தத் தந்திரம் செல்லாது. டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்குதான். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். தோல் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அதே கணக்கை நம் வண்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள். மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு நெடுஞ்சாலையில் தடையின்றிப் போய்வரும் பைக், சராசரி 40 வேகத்தில் 6,000 கிலோமீட்டரை 150 மணி நேரத்தில் முடித்துவிடும். ஆம்பூர் கடைவீதிக்குள்ளேயே சுற்றி, நின்று நின்று சரக்கு இறக்கும் குட்டியானைக்குச் சராசரி 15 தேறினால் அதிகம். அதே 6,000-க்கு அதன் எஞ்சின் 400 மணி நேரம் ஓடியிருக்கும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான், ஆயிலுக்கு ஒன்றல்ல.

இதைத் தயாரிப்பாளர்களும் அறிவார்கள். பல கார்களின் புத்தகத்தில் கடுமையான உபயோகம் என்று இன்னொரு அட்டவணை இருக்கும். யாரும் அந்தப் பக்கம் வரை போவதில்லை. தூசி நிறைந்த சாலை, நின்று நின்று ஓடும் போக்குவரத்து, வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது, அதிக பாரம், எப்போதும் குறுகிய தூரம் ஆகியவை அங்கே வரும். இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறையும். நம் ஊர் உபயோகத்தில் பாதி இந்த அட்டவணைக்குள்தான் அடங்கும்.

குறுகிய தூரம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும் போகும் ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். கிலோமீட்டர் கணக்குப்படி அடுத்த ஆயிலுக்கு ஐந்தாறு வருஷம் ஆகும். ஆனால் அந்த எஞ்சின் ஒருநாளும் முழுச் சூடு ஏறுவதில்லை. எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே தண்ணீராகத் தங்குகிறது. எரியாத பெட்ரோலும் துளித்துளியாக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் மூடியைத் திறக்கும்போது அடியில் பாலாடை நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். "வண்டியே ஓடல, ஆயில் எதுக்கு?" என்பவரின் வண்டிக்குத்தான் தேதி பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

மெக்கானிக்கின் இரண்டாயிரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அவர் தொழில் கற்ற காலத்தில் வண்டிகளில் கார்புரேட்டர். காலையில் சோக் போட்டு ஸ்டார்ட் செய்தால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். எரிபொருளில் கந்தகமும் அதிகம். அது எரிந்து அமிலமாகி ஆயிலைத் தின்னும். பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 3 தர டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ். 4-இல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10. டூவீலர்களுக்கும் அப்போதுதான் பெரும்பாலும் ஃபியூவல் இஞ்செக்‌ஷன் வந்தது. ஆயிலும் இடையில் எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. அன்றைக்குச் சரியாக இருந்த எண் இன்று தேவைக்குமேல் பத்திரமாகிவிட்டது, அவ்வளவே. இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: இரண்டாயிரம் என்றால்தான் நாம் நான்காயிரத்திலாவது வருவோம் என்று அனுபவஸ்தர் கணக்குப் போடுகிறார். அதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் ஓட்டியவர்களுக்கு வேறொரு குழப்பம். டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினோம், அது எரிந்துபோனது. எஞ்சின் ஆயில் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபின் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே தங்கிப் பழசாகிறது. பழைய பழக்கத்தில் புது வண்டியை ஓட்டினால் செலவு நிச்சயம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர் என்ற எண் தலைமுறை தலைமுறையாக வேதவாக்காக இருந்தது. கார்கள் 7,500 மைல், 10,000 மைல் என்று தாங்கத் தொடங்கிய பிறகும் மக்கள் மூவாயிரத்தை விடவில்லை. கடைசியில் கலிபோர்னியா மாநிலத்தின் கழிவு மேலாண்மைத் துறையே, உங்கள் கார் புத்தகத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள் எனப் பிரசாரம் செய்தது. தேவையில்லாமல் வடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் கழிவாகச் சேர்கிறது என்பதுதான் அவர்களின் கவலை.

நிறத்தைப் பார்த்து முடிவுசெய்வது இன்னொரு பழக்கம். விரலில் தொட்டு, "கருத்துப் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். துணி துவைத்த தண்ணீர் அழுக்கானால் சோப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், இதுவும் அப்படியே. கரியை எஞ்சின் சுவரில் படியவிடாமல் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. டீசல் எஞ்சினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கறுப்பு மட்டும் சாட்சி ஆகாது. பால் நிறமோ, பிசுபிசுப்பான கட்டியோ, மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாடையோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பைக்குக்கு மட்டும் ஒரு தனி விஷயம். காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கியர் வைத்த பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான் எஞ்சின், கியர், க்ளட்ச் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. கியர் பற்களுக்கிடையே நசுங்கி, ஆயிலின் கெட்டித்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள் அறுபடுகின்றன. ஆயில் நீர்த்துப்போய், கியர் மாற்றும்போது 'கட்' என்று சத்தம் கேட்கத் தொடங்கும். காரைவிட பைக்குக்கு இடைவெளி குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், அதன் வழுக்கல் மருந்தால் க்ளட்ச் நழுவலாம். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், எப்போது மாற்றுவது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். 100 சிசி பைக்கில் மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான் ஆயில். பழைய எஞ்சின் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். பழைய ஆயிலோடு ஓடிய எஞ்சின் தேய்ந்து வரும். ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சின் வழியிலேயே ஜாம் ஆகிவிடும். மாதம் இருமுறை, சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் விட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஈரம் நிற்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகிவிட்டால் இல்லாத ஆயில் இருப்பதுபோல் காட்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பது அந்தப் பிரிக்காத புத்தகத்தில் இருக்கிறது. பி.எஸ். 6 டீசல் கார்களில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஊருக்குள்ளேயே ஓட்டினால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது டீசல் ஆயிலில் இறங்கி, அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறினாலும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஆக, புது வண்டியின் முதல் ஆயிலைப் புத்தகம் சொன்ன இடத்தில் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். புது உலோகங்கள் உரசித் தேய்ந்த துகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதன்பின் நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்குப் புத்தகத்தின் எண்ணே போதும். தூசி, பாரம், கடைவீதி என்றால் அதில் பாதி. ஓடாமலே நிற்கும் வண்டிக்கு வருஷம் ஒருமுறை. வாரண்டி இருக்கும்வரை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வெயில் ஊர் என்பதற்காகக் கெட்டி கிரேடுக்குத் தாவவும் வேண்டாம். 10டபிள்யூ-30 என்பதில் வரும் 30, ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்வது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு நம் மே மாத வெயில் கொஞ்சம் பாரம்தான், ஆனால் அதையும் யோசித்தே கம்பெனி கிரேடைத் தேர்ந்திருக்கிறது.

வடித்த ஆயிலின் கதையும் இதோடு சேர்ந்ததே. சென்ட்ரிங் பலகைக்கும் கரையானுக்கும் என்று டப்பாவில் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு; மிச்சம் சாக்கடை வழியாகப் பாலாற்றுக்கு. ஒரு பங்கு பழைய ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பழைய எஞ்சின் ஆயில் 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள் மேலும் வந்திருக்கிறது. உங்கள் மெக்கானிக்கிடம் டிரம் இருக்கிறதா, அதை யார் வந்து எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டாலும் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு வேண்டியது ஓட்டையில்லாத டப்பாதான்.