அம்பாசமுத்திரத்துப் பாட்டிக்கு எதற்கு நெட்வொர்க்?

பிசான நடவு நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் ஒரு நாள் வேலையை விடுவது சாதாரண விஷயமல்ல. கண் மங்குகிறது என்று திருநெல்வேலிக்குப் போனால், சுமார் 35 கிலோமீட்டர் பஸ் பயணம், துணைக்கு ஒரு ஆள், இரண்டு பேரின் ஒரு நாள் கூலி என எல்லாமே போய்விடும். 'வலி இல்லையே, அறுப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. விழித்திரை பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது. பார்வை குறைவது தெரியவரும்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

நோயாளி டாக்டரிடம் வர முடியாவிட்டால், டாக்டரின் பார்வையை ஊருக்கே அனுப்ப முடியுமா? தேனி மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள்.

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. திருநெல்வேலியில் அதன் கிளை 1988-ல் வந்தது. சிறு ஊர்களில் பார்வை மையங்கள் திறந்து, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கண்ணைப் பரிசோதிக்க, மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவது என்பது திட்டம். ஆனால், 2005 வாக்கில் கிராமத்தில் வீடியோ ஓடும் அளவுக்கு இணையம் ஏது?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக்குழு, வீட்டில் பயன்படுத்தும் சாதாரண வைஃபையையே கையில் எடுத்தது. சுமார் 100 மீட்டர் எட்டும் அலையை, கோபுரத்தில் ஆன்டெனா வைத்து பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. வைஃபை ஒவ்வொரு தகவலை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். தகவல் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். வேகம் படுத்துவிடும். ஒற்றைவழிப் பாலத்தில் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று வண்டிகளை விடுவதுபோல, இரு முனைகளுக்கும் முறை வைத்து மென்பொருளை மாற்றினார்கள். வீடியோ தெளிவாக ஓடியது.

அடுத்த எதிரி மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாயின. பேட்டரி, மின்கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரிசெய்தார்கள். அதைவிட முக்கியமாக, உள்ளூர் பணியாளர்களே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யப் பழக்கினார்கள். ஆய்வாளர்கள் ஊர் திரும்பிய பிறகும் நெட்வொர்க் நிற்காமல் ஓட அதுதான் காரணம்.

அரவிந்தின் ஒட்டுமொத்த சேவைக்கு 2008-ல் கேட்ஸ் விருது, 2010-ல் ஹில்டன் விருது என உலகப் பரிசுகள் வந்தன. நெட்வொர்க்குக்கென்றே விருது வாங்கிய முன்னோடியும் நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரி கிராமங்களில் 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் மையங்கள், தொலைபேசியையும் வயர்லெஸ் கருவிகளையும் இணைத்து இயங்கின. மீனவர்களுக்கு அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2001-ல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

அந்த விருதைவிடப் பெரிய சோதனை 2004 டிசம்பர் 26-ல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் அந்த மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. சுனாமி வருவதற்குள் ஊரார் ஓடித் தப்பினார்கள். விருது வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒலிபெருக்கி வேலை செய்ததுதான் உயிர்களைக் காத்தது.

இன்று திருநெல்வேலி மருத்துவமனையோடும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்கள் இணைந்திருக்கின்றன. கண்ணாடி போதுமா, சொட்டு மருந்தா, ஆபரேஷனுக்கு வர வேண்டுமா என்பது பக்கத்து ஊரிலேயே தெரிந்துவிடும். உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார்களா? கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம். அறுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.